கார் ஷோரூம் நேர்காணல்: காரைப் பற்றி அதிகம் தெரியாதவர் எப்படித் தயாராவது?

கார் ஷோரூமில் சேல்ஸ் வேலைக்கு நான்கு நாளில் நேர்காணல், இதற்கு முன் செல்போன் கடையில் இரண்டு வருடம் நின்ற அனுபவம் மட்டும்தான், காரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது, எதையெல்லாம் படித்துவிட்டுப் போவது, "இந்தப் பேனாவை எனக்கு விற்றுக் காட்டுங்கள்" என்றால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். படிக்க வேண்டியதைச் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீங்கள் உள்ளுக்குள் கேட்பது, "காரே தெரியாத என்னை எதற்கு எடுப்பார்கள்?" என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுப்பார்கள். நானே அப்படிப் பலரை எடுத்திருக்கிறேன்.

நான் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? பதினெட்டு வருடம் கார் விற்பனையில் இருந்தேன். முதல் ஏழு வருடம் ஷோரூமில் நின்று விற்றேன், அப்புறம் ஐந்து வருடம் ஒரு குழுவைப் பார்த்துக்கொண்டேன், கடைசி ஆறு வருடம் ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதனால் சேல்ஸ் வேலையைப் பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. சர்வீஸுக்கு வரும் வாடிக்கையாளரிடம் பேசிப் புகாரை எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் வேலைக்கான நேர்காணல்களில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுப்பது எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே, அதைத் தொடப் போவதில்லை.

ஒரு டீலர்ஷிப் எதில் பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது பாதி புரிந்துவிடும். புதுக் காரில் டீலருக்கு நிற்கும் லாபம் வெளியில் இருப்பவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. காரோடு சேர்ந்து போகும் கடன், காப்பீடு, ஆக்சசரிஸ், கூடுதல் வாரண்டி, எக்ஸ்சேஞ்சில் வரும் பழைய கார், எல்லாவற்றுக்கும் மேலாக வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் சர்வீஸ், உதிரிபாகம், இவைதான் கடையைத் தாங்குகின்றன. இன்றைக்குக் கார் எடுத்தவர் அடுத்த வருடம் சர்வீஸுக்கு இங்கேயே வர வேண்டும், ஐந்தாறு வருடம் கழித்து அடுத்த காருக்கும் வர வேண்டும், நடுவில் தங்கையையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு பொய்யைச் சொல்லி ஒரு காரை விற்றவர் அந்த மாதக் கணக்கில் ஒன்றைக் கூட்டி, பின்னால் வர வேண்டிய பத்தைத் துரத்திவிடுகிறார். அதனால் அனுபவம் உள்ள மேலாளர் மூன்று விஷயங்களைத்தான் தேடுவார். இவருக்கு எதிராளி பேசுவதைக் கேட்கத் தெரிகிறதா, சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்வாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா. கார் பற்றிய அறிவைப் பயிற்சியில் கொடுத்துவிடலாம், தயாரிக்கும் நிறுவனங்களே அதற்கு வகுப்பு வைத்திருக்கின்றன. இந்த மூன்றையும் வகுப்பில் உட்கார வைத்து வரவழைக்க என்னால் முடிந்ததில்லை.

ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். செருப்புக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண். பேசி முடித்ததும் வழக்கம்போல் கீழே கூட்டிப்போய், நின்றிருந்த ஒரு காரைக் காட்டி, "நான் வாடிக்கையாளர், இதை எனக்குக் காட்டுங்க" என்றேன். அன்று காலை வந்த மூன்று பேரும் நேராக முன்பக்கம் போய், தாங்கள் படித்து வந்த எஞ்சின் கணக்கை ஒப்பித்திருந்தார்கள். இவர் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "சார், இந்த வண்டியைப் பத்தி எனக்கு இன்னும் தெரியாது. வீட்ல யார் யார் இதுல போவீங்க?" என்று கேட்டார். அம்மா உண்டு, முழங்கால் வலி என்று ஏதோ சொன்னேன். உடனே பின்கதவைத் திறந்து, "கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க, எழுந்திருக்கும்போது கால்ல எவ்வளவு பலம் கொடுக்கறீங்கன்னு கவனிங்க" என்றார். அந்தக் கதவுப் பக்கம் நின்று இருக்கையின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தார். ஒரு குதிரைத்திறன் கணக்கும் அவர் வாயில் வரவில்லை. அன்று மாலையே அவருக்கு வேலை உறுதியானது. உட்கார வைத்து, அளந்து, நடக்கச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் செருப்புக் கடையிலிருந்து வந்தது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டியைச் சுற்றிக் காட்டச் சொல்லும் சோதனை பல ஷோரூம்களில் உண்டு. தொழிலில் அதை வாக்-அரவுண்ட் என்பார்கள். முன்பக்கம், ஓட்டுநர் பக்கம், பின்பக்கம், மறுபக்கம், உள்ளே, எஞ்சின் அறை என்று ஆறு இடங்களில் நின்று காட்டுவது வழக்கமான முறை. அந்த வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் எந்த இடத்தில் அதிக நேரம் நிற்பது என்பதை வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்த சொல் முடிவு செய்யட்டும். நாய்க்குட்டி வளர்க்கிறேன் என்றவரிடம் பின்கதவில் நில்லுங்கள். தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறேன் என்றவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். எதைக் காட்டினாலும் வாயால் மட்டும் சொல்லாமல் அவர் கையாலேயே திறக்க, மூட, நகர்த்த விடுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை நான் கற்றது என் முதல் வருடத்தில், ஒருவருக்குக் கஷ்டம் கொடுத்துத்தான். சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவுக்காக ஒருவர் கார் பார்க்க வந்தார். மடித்த நாற்காலி பின்னால் போகுமா என்று கேட்டார். பூட், அதாவது பின்பக்கச் சாமான் அறை, இத்தனை லிட்டர் என்ற கணக்கு எனக்கு மனப்பாடம். "தாராளமா போகும் சார்" என்றேன், அளந்து பார்க்கவில்லை. டெலிவரி நாளில் வண்டிக்கு மாலை போட்டு, சாவி கொடுத்து, படம் எடுத்து முடித்த பிறகு அவர் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார். பெரிய சக்கரங்கள் கதவின் விளிம்பில் முட்டி நின்றன. திருப்பினார், சாய்த்தார், கதவு மூடவில்லை. ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றினால்தான் போகும் என்று தெரிந்தது. அவர் கத்தவில்லை. கழற்றி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். பூட் கொள்ளளவை அளக்கும் ஒரு பரவலான முறையில், 200, 100, 50 மில்லிமீட்டர் பக்கங்கள் கொண்ட ஒரு லிட்டர் கட்டைகளை உள்ளே அடுக்கி எண்ணுவார்கள். மூலை முடுக்கெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கதவு எவ்வளவு அகலம் திறக்கும் என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. "தெரியல சார், நாற்காலியை ஒரு தடவை கொண்டு வாங்க, வெச்சுப் பார்த்துடலாம்" என்ற ஒரே வாக்கியம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும். நேர்காணலில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கட்டாயம் கேட்பார்கள். சில மேலாளர்கள் வேண்டுமென்றே கேட்பார்கள். "எனக்குத் தெரியவில்லை, வாடிக்கையாளர் கேட்டிருந்தால் இன்னாரிடம் கேட்டு இத்தனை மணிக்குள் சொல்லியிருப்பேன்" என்று சொல்லுங்கள். நான் ஆள் எடுத்த காலத்தில் இந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

சரி, நான்கு நாளில் என்ன படிப்பது? அந்த ஷோரூம் விற்கும் எல்லா மாடலையும் படிக்க முயலாதீர்கள். அதிகம் விற்கும் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் வாங்குவார்கள், அதே மாடலில் வசதி குறைந்த கீழ் வேரியன்டுக்கும் வசதி கூடிய மேல் வேரியன்டுக்கும் முக்கியமான வித்தியாசம் என்ன, அதே விலைப் பிரிவில் எந்தப் போட்டி வண்டி நிற்கிறது, அந்தப் போட்டி வண்டி எதில் இதைவிட நல்லது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். போட்டியாளரின் நல்லதை ஒப்புக்கொண்டு பேசுபவரைத்தான் வாடிக்கையாளர் நம்புவார், ஏனென்றால் அவர் வீட்டிலேயே போனில் எல்லா ஒப்பீட்டையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

எண்களைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றும் ஓட்டுபவருக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால் போதும். பவர் என்பது வேகத்தில் எவ்வளவு தாங்கும் என்பதோடு தொடர்புள்ளது, டார்க் என்பது ஆள் நிறைந்த வண்டி மேட்டில் எவ்வளவு சுலபமாக இழுக்கும் என்பதில் தெரியும். சில தாள்களில் பவர் கிலோவாட்டில் இருக்கும், சிலவற்றில் பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) என்று இருக்கும், 100 பிஎஸ் என்றால் சுமார் 73.5 கிலோவாட். கியர்பாக்ஸ் வகைகளில் குழப்பம் அதிகம், நேர்காணலில் கேட்பதும் அதிகம். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் திரவம் சக்தியைக் கடத்துவதால் நெரிசலில் ஓட்டுவது மென்மையாக இருக்கும். சிவிடியில் படிப்படியான கியரே கிடையாது, பொதுவாக இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும். டூயல் கிளட்சில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, அதனால் மாற்றம் சட்டென்று நடக்கும். மின்சாரக் கார் விற்கும் இடமானால் கிலோவாட்டுக்கும் கிலோவாட்-மணிக்கும் வித்தியாசம் கட்டாயம் தெரிய வேண்டும். முதலாவது சக்தி பாயும் வேகம், இரண்டாவது பேட்டரியில் இருக்கும் அளவு. 50 கிலோவாட்-மணி பேட்டரியை 7 கிலோவாட் சார்ஜரில் முழுக்க ஏற்ற ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அங்கேயே வகுத்துச் சொல்லலாம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது மோதல் சோதனையில் வண்டி வாங்கிய நட்சத்திரத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஐரோப்பாவில் யூரோ என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு 1997-ல் சோதனை முடிவுகளை வெளியிடத் தொடங்கியதிலிருந்து சோதனைகள் கடுமையாகிக்கொண்டே வருகின்றன. பல வருடம் முன்பு வாங்கிய ஐந்து நட்சத்திரமும் இன்று வாங்கும் ஐந்து நட்சத்திரமும் ஒன்றில்லை. இதைத் தெரிந்து சொல்பவர் நேர்காணலில் தனியாகத் தெரிவார். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதால் பிரேக் பிடித்தபடியே திருப்ப முடியும், ஏர்பேக் சீட்பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டது, குழந்தை இருக்கையைப் பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கே இருக்கிறது. இந்த மூன்றும் போதும்.

கணக்கில் ஒன்றைச் செய்து பழகுங்கள். பெரும்பாலான வாடிக்கையாளர் காரின் விலையைவிட மாதத் தவணையைத்தான் கேட்பார். ஒரு லட்சம் கடனுக்கு, மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவை முறையில் வருடம் 10 சதவீதம் வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 2,125 வரும். இந்த ஒரு எண் மனதில் இருந்தால் ஆறு லட்சத்துக்கும் எட்டு லட்சத்துக்கும் நின்ற இடத்தில் பெருக்கிவிடலாம். தட்டை வட்டிக்கும் குறையும் நிலுவை வட்டிக்கும் வித்தியாசம் தெரிவது அதைவிட முக்கியம். தட்டை வட்டியில் 7 சதவீதம் என்றால், கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி போய்க்கொண்டே இருக்கும். ஐந்து வருடக் கடனில் அது குறையும் நிலுவை முறையில் ஏறக்குறைய 12.5 சதவீதத்துக்குச் சமம். 7 என்று கேட்டுச் சந்தோஷப்படும் வாடிக்கையாளருக்கு இதை விளக்கிச் சொல்வது விற்பனையாளரின் கடமை என்று நான் நம்புகிறேன். எல்லா மேலாளர்களும் அப்படி நினைப்பதில்லை. நேர்காணலில் இந்தப் பேச்சை எடுத்தால் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள், அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கும் கொஞ்சம் தெரியவரும்.

பேனா கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் கேட்பார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நான் கேட்டதில்லை, என்னோடு இருந்த சிலர் கேட்பார்கள். கேட்டால் பேனாவைப் புகழ ஆரம்பிக்காதீர்கள். "நீங்க கடைசியா எப்ப பேனா எடுத்தீங்க, எதுக்கு?" என்று கேளுங்கள். டெலிவரிப் பேப்பரில் கையெழுத்துப் போட என்பார். அப்படியென்றால் அழியாத மை வேண்டும், உடனே காய வேண்டும் என்று அவர் சொன்னதிலிருந்தே பேசுங்கள். கடைசியில், "எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் நன்றாகப் பேசிவிட்டு, வாங்குகிறீர்களா என்று கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

மற்ற கேள்விகள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் வரும். டார்கெட் அழுத்தத்தைத் தாங்குவீர்களா, பலர் வேண்டாம் என்று போனால் என்ன செய்வீர்கள், வார இறுதியில் வேலை செய்ய முடியுமா. கடைசிக் கேள்விக்கு யோசித்து உண்மையைச் சொல்லுங்கள், ஷோரூமில் கூட்டம் வருவதே விடுமுறை நாளில்தான். "வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்டு அடம்பிடித்தால்?" என்ற கேள்வியும் வரும். உடனே மேலாளரிடம் ஓடுவேன் என்றும் சொல்ல வேண்டாம், கொடுத்துவிடுவேன் என்றும் சொல்ல வேண்டாம். எந்த விலையோடு ஒப்பிட்டுக் கேட்கிறார், அதில் வேரியன்ட் ஒன்றா, காப்பீடு சேர்ந்ததா என்று முதலில் கேட்பேன் என்று சொல்லுங்கள். தள்ளுபடிச் சண்டைகளில் நிறைய இரண்டு வேறு விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு நடப்பவை.

உங்கள் செல்போன் கடை அனுபவத்தை "இரண்டு வருடம் சேல்ஸில் இருந்தேன்" என்று ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். ஒரே ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டு, அவர் என்ன கேட்டு வந்தார், நீங்கள் என்ன கேட்டீர்கள், எதை வாங்கிப் போனார், திரும்ப வந்தாரா என்று முழுதாகச் சொல்லுங்கள். கோபமாக வந்த ஒருவரைச் சமாளித்த கதையும் ஒன்று தயாராக இருக்கட்டும். போனுக்கும் காருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதை நீங்களே எடுத்துச் சொன்னால் நல்லது. போன் வாங்குபவர் பெரும்பாலும் அன்றே முடிவு செய்வார். கார் வாங்குபவர் பல நாள் யோசிப்பார், வீட்டில் நாலு பேரைக் கேட்பார். அதனால் காரில் ஃபாலோ அப்தான் பாதி வேலை. ஒவ்வொரு என்கொயரியையும் பதிவு செய்து, அடுத்து எப்போது, எதற்காகப் பேசப் போகிறேன் என்று தேதி போட்டு வைப்பேன் என்று சொல்லுங்கள். சும்மா "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்கும் போன் எரிச்சலைத்தான் தரும், அவர் கேட்ட ஒரு விஷயத்துக்குப் பதிலோடு கூப்பிட்டால் பேசுவார்.

நேர்காணலுக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, போட்டி நிறுவனத்தின் ஷோரூம் ஒன்றில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கார் வாங்குவதாக நடித்து டெஸ்ட் டிரைவ் எடுக்காதீர்கள், அங்கே நிற்பவருக்கு அது ஒரு மணி நேர உழைப்பு. பார்க்க வந்தேன் என்று உண்மையைச் சொல்லலாம். உள்ளே நுழைந்து எத்தனை நிமிடத்தில் யார் வந்து பேசினார், முதல் கேள்வி என்ன, எப்போது போன் நம்பர் கேட்டார் என்று கவனியுங்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் பதில்களுக்கு உயிர் கொடுக்கும்.

டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவ், டெலிவரி, ஸ்டாக் யார்டிலிருந்து வண்டி எடுத்து வருவது என்று பெரும்பாலான இடங்களில் அது இல்லாமல் நடக்காது. இல்லையென்றால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுவது மரியாதை. உடை சுத்தமாக, இஸ்திரி போட்டதாக, நாள் முழுக்க நிற்கக்கூடிய ஷூவோடு இருந்தால் போதும். சேல்ஸ் இல்லாமல் சர்வீஸ் அட்வைசர் வேலைக்கு உங்களைத் திருப்பிவிட்டால், வண்டிக்குச் செய்யும் வேலையைப் பதியும் ஜாப் கார்டில் வாடிக்கையாளரின் புகார், கண்டுபிடித்த காரணம், செய்த வேலை என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதுவதுதான் அடிப்படை என்று தெரிந்திருங்கள்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். கட்டாயம் கேளுங்கள். நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் புக்கிங்கில் வருமா டெலிவரியில் வருமா, புக்கிங் ரத்தானால் கொடுத்ததைப் பிடிப்பார்களா, பயிற்சிக் காலத்தில் டார்கெட் உண்டா, டெமோ கார் உரசினால் யார் பொறுப்பு. இவற்றுக்கு இடத்துக்கு இடம் பதில் மாறும், என் பழைய இடத்தின் விதியை வைத்து உங்களுக்குச் சொன்னால் தவறாகிவிடும். ஆனால் இன்சென்டிவ் திட்டத்தை எழுத்தில் காட்டத் தயங்கும் இடத்தில் மாதக் கடைசியில் மனக்கசப்பு வருவதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். கேட்டதற்காக ஒருவரை நான் நிராகரித்ததே இல்லை, தன் சம்பளத்தைத் தெளிவாகக் கேட்பவர் வாடிக்கையாளரிடமும் தெளிவாகப் பேசுவார் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும், அன்று மாலைக்குள் நேர்காணல் செய்தவருக்கு ஒரு சின்ன செய்தி அனுப்புங்கள். நன்றி ஒரு வரி, நேர்காணலில் தெரியாது என்று சொன்ன கேள்விக்கு நீங்கள் தேடிக் கண்டுபிடித்த பதில் இரண்டு வரி. நான் ஆள் எடுத்த ஆறு வருடத்தில் அப்படி அனுப்பியவர்கள் நாலு பேர். நாலு பேரையும் மறுநாளே கூப்பிட்டுப் பேசினேன்.